புகை நின்ற பிறகு

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக முகாம் போய்ச் சேர்ந்தாயா? அங்கே சாப்பாடு வாய்க்கு விளங்குகிறதா, இல்லை வழக்கம்போல ரொட்டியும் தேநீரும்தானா? போன தடவை மாதிரி முழங்காலை எங்கேயாவது இடித்துக்கொண்டு நிற்காதே. இங்கே நாங்கள் இருவரும் சுகம். எழுதச் சொன்னது உன் மச்சான்தான். பேனாவைக் கையில் கொடுத்தால் அவர் அதைத் திருப்புளி மாதிரிப் பிடிப்பார் என்று உனக்குத்தான் தெரியுமே.

விடுமுறைக்கு வந்தவன் சும்மா படுத்துத் தூங்கியிருக்கலாம். வால்வு சீல் மாற்றுகிறேன் பேர்வழி என்று வேன் இன்ஜினைப் பிரித்துப் போட்டு வாசலை எண்ணெய்க் காடாக்கிவிட்டுப் போனாய். நான் அதைச் சொல்ல வரவில்லை, கழுவியாகிவிட்டது. மாற்றிய பிறகும் புகை வருகிறதே, அதற்கு என்ன பதில்? காலையில் சாவியைத் திருப்பினதும் பின்னால் ஒரு மேகம் கிளம்புகிறது. மாடி வீட்டு அம்மா காயப்போட்ட துணியை என் முகத்துக்கு நேராக நீட்டி மோந்து பார்க்கச் சொல்கிறாள். ஆலைக்கு வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுகிறார்களாம். ஒருத்தி, "என்னண்ணே, வண்டியும் சிகரெட் பிடிக்குதா?" என்று கேட்டாளாம். இவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்தாலும் மனசுக்குள் உறுத்தல் இருக்கிறது. இருபது வருஷமாக அந்தப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிப் பாலம் தாண்டி ஆலை வாசலில் விடுகிறார், ஒரு நாள் தவறியதில்லை. வண்டிக்கு ஒன்று என்றால் அவருக்குச் சோறு இறங்காது. சீக்கிரம் எழுது. வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நான் நலம், முழங்காலும் நலம். உங்கள் இருவரின் சுகத்தை அறிந்து சந்தோஷம். உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இங்கே தபால் லாரி புதன்கிழமை வரும், சனிக்கிழமை திரும்பும். அதற்கு நடுவில் தலைகீழாக நின்றாலும் ஒரு காகிதம் வெளியே போகாது. ஆகவே பதில் தாமதமானால் தம்பி மறந்துவிட்டான் என்று பட்டம் கட்டாதே.

மச்சானைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். வால்வு சீல் என்பது ஒரு சின்ன ரப்பர் தொப்பி, அக்கா. வால்வுத் தண்டின் மேல் மாட்டுவது. மேலே சுற்றுகிற எண்ணெய் கீழே நெருப்பு எரிகிற இடத்துக்குச் சொட்டாமல் காப்பதுதான் அதன் வேலை. பழைய தொப்பிகள் கல் மாதிரி இறுகிப்போய் வருஷக்கணக்கில் எண்ணெயைச் சொட்டவிட்டிருக்கின்றன. சொட்டியதெல்லாம் சைலன்சருக்குள் கரியோடு படிந்து கிடக்கிறது. புதுத் தொப்பி போட்டதும் சொட்டுவது நிற்கும், ஆனால் பழைய படிவு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துதானே தீர வேண்டும்? கொஞ்ச நாள் புகையும், பிறகு நிற்கும்.

நின்றதா இல்லையா என்று நீயே பின்னால் நின்று பார்த்து எழுது. மச்சான் ஓட்டுகிற இடத்தில் இருப்பவர், அவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நிறம் முக்கியம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது எங்கேயோ தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் எண்ணெய். காலையில் கிளப்பும்போது மட்டுமா, ஓடுகிற நேரமெல்லாமா என்பதும் வேண்டும்.

இந்த முகாமில் மலையைக் குடைகிற இயந்திரங்களுக்கே நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். சொந்த மச்சான் வண்டி என் கையில் கெட்டது என்று பேர் வரக்கூடாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு லேசாகத் தடுமன் பிடித்து விட்டது, வேறொன்றுமில்லை.

நீ சொன்னபடி நின்று பார்த்தேன். நீலம்தான். நடுவில் சில நாள் நன்றாகக் குறைந்த மாதிரி இருந்தது, சரி, தம்பி கெட்டிக்காரன்தான் என்று நினைத்தேன். இப்போது முன்னைவிட மோசம். கிளப்பும்போது மட்டுமில்லை, நிறுத்தி வைத்து ஓடவிடும்போதும் வருகிறது, மிதித்தால் இன்னும் வருகிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான் போ.

இவர் சவாரியை நிறுத்திவிட்டார். "உன் தம்பி போட்ட சீல் உக்காரலை. இதோட ஓட்டினா இன்ஜின் போயிடும். அவன் அடுத்த லீவுல வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆலைப் பெண்களுக்கு வேறு ஒரு வண்டியை இவரே பேசி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். அந்த ஓட்டுநர் எங்கே வேகமாகப் போவான், எங்கே நிறுத்தமாட்டான் என்று ஓயாமல் அவனைப் பற்றியே பேச்சு. காலையில் பழையபடி அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரம் ஓடும். பிறகு அணைத்துவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவார். மூலைப் பட்டறைக்காரர், அதான் எதையெடுத்தாலும் அடித்தே சரிசெய்வாரே, நம்ம சுத்தியல், அவர் வந்து பார்த்து ரிங் போச்சு என்றார். இவர் அவரைத் தொடவே விடவில்லை.

எனக்குக் கோபம் உன் மேல்தான். ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தொட்டாய், நின்றுவிட்டது. வேறென்ன சொல்ல. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் தடுமன் விட்டதா? வெந்நீரில் ஆவி பிடி. மச்சான் நலத்தையும் எழுது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சீல் உட்காரவில்லை என்று மச்சான் சொன்னாரா? பிரிக்கும்போது பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தானே. ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி, தண்டின் முனையில் இருக்கிற பள்ளம் ரப்பரைக் கிழிக்காமலிருக்க காகிதச் சுருள் வைத்து இறக்கினேன். "குழந்தைக்குச் சட்டை போடுற மாதிரி போடுறியேப்பா" என்று கேலி செய்தார். பிஸ்டனைச் சுற்றி எண்ணெயை மேலே விடாமல் தடுக்கிற ரிங்கும் போகவில்லை. அழுத்தம் பார்த்துத்தான் மூடினேன்.

சுத்தியலிடம் விடாததற்கு மச்சானுக்கு நன்றி சொல். ஆனால் வாசலில் வைத்துச் சும்மா ஓடவிடுவதை முதலில் நிறுத்தச் சொல். டீசல் இன்ஜின் சும்மா ஓடினால் சூடு ஏறாது, எண்ணெய் முழுசாக எரியாது, புகைதான் மிஞ்சும். அதற்குப் பாரம் வேண்டும். நான் சொல்கிறபடி ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியில் மணல் மூட்டை ஏற்றுங்கள். ஊருக்கு வெளியே நீர்த்தொட்டி மேடு இருக்கிறதே, அதில் இரண்டாம் கியரில் நன்றாக மிதித்து மேலே வரைக்கும் ஏறச் சொல். நீ கடைசி சீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பார். முதல் வளைவுகளில் புகை கொட்டும், பயப்படாதே. உச்சிக்குப் போவதற்குள் நின்றால் என் வேலை சரி. அங்கேயும் நிற்கவில்லை என்றால் நான் என் ஸ்பானரையெல்லாம் கிணற்றில் போட்டுவிடுகிறேன்.

மச்சானைப் புது மாப்பிள்ளை மாதிரி வண்டியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொஞ்ச வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? தடுமன் போய்விட்டது. நீ சொன்ன மேட்டுச் சோதனையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எழுத ஒன்றும் இல்லை. போகவில்லை.

நீ சொன்னதைப் படித்துக் காட்டினேன். மணல் மூட்டை கிடைக்காது என்றார். கிடைத்தது. டயர் சரியில்லை என்றார். போன மாதம்தான் மாற்றினார். கடைசியில் நான், "மேட்டைப் பாத்தா பயமா இருந்தா சொல்லிடுங்க" என்று விளையாட்டாகக் கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் குரல் அடுத்த அறைக்குக் கேட்டதில்லை, உனக்கே தெரியும். மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். நான் தட்டைக் கழுவினேன்.

வண்டி எண்ணெய் குடிக்கிறது என்று டப்பா டப்பாவாக வாங்கி வருகிறார். ஆள் பாதியாகிவிட்டார் தம்பி. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர், கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டது. கண் திறந்துதான் இருக்கிறது. நான் மூன்று தரம் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு, "என்ன?" என்கிறார். எதைப் பற்றி அவ்வளவு யோசனை என்று கேட்டால், வண்டியைப் பற்றி என்றார். வண்டி ஒரு மனுஷனை இப்படி ஆட்டிவைக்குமா?

ஏதாவது வழி சொல். எனக்கு அந்தப் புகை நிற்க வேண்டும். அது நின்றால் இவர் பழையபடி ஆகிவிடுவார்.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்து மனசே சரியில்லை. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது. எண்ணெய் குடிக்கிற வண்டிக்கு எண்ணெய் மட்டம் இறங்க வேண்டும். அதை நீ எனக்குப் பார்த்துச் சொல். காலையில் இன்ஜின் கிளம்புவதற்கு முன்னால், வண்டி சமதளத்தில் நிற்கும்போது, இன்ஜின் பக்கவாட்டில் வளையம் போட்ட மெல்லிய கம்பி ஒன்று செருகியிருக்கும். உருவி, துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவு. அதில் இரண்டு கோடு இருக்கும். எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது? மோந்து பார், டீசல் வாடை அடிக்கிறதா? ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விடு, நடுவில் கறுப்பாகவும் சுற்றிலும் ஈரமாக வளையம் விரிந்தும் வந்தால் டீசல் கலக்கிறது என்று அர்த்தம். மச்சான் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய். அவருக்கு நம்மேல் கோபம் வர வேண்டாம்.

மேட்டுச் சோதனையை விட்டுவிடாதே. கீழே இருப்பது மச்சானுக்கு, அவரிடம் கொடு.

மச்சான், வணக்கம். உடம்பு நலமா? இருபது வருஷமாக என்னைத் தூக்கி வளர்த்தவர் மாதிரி இருந்திருக்கிறீர்கள், எதுவும் கேட்டதில்லை, இப்போது ஒன்று கேட்கிறேன். என் கைக்கு மரியாதை வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். என் சீல் கோணலா, உங்கள் ஓட்டம் கோணலா என்று அந்த மேடு சொல்லட்டும். ஒரே ஒரு தடவை அக்காவை ஏற்றிக்கொண்டு உச்சிவரை போய்க் காட்டுங்கள். என்மேல் பிரியம் இருந்தால் மாட்டேன் என்று சொல்லாதீர்கள்.

தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நீ சொன்னபடி அவர் குளிக்கப்போன நேரத்தில் கம்பியை உருவிப் பார்த்தேன். கையெல்லாம் கறுப்பு, கரி சோப்புக்கும் போகவில்லை. எண்ணெய் மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை நிற்கிறது. தப்பாகப் பார்த்தேனோ என்று மறுநாளும் பார்த்தேன், அதேதான். டீசல் வாடை இல்லை. செய்தித்தாளில் வெறும் கறுப்புப் பொட்டுதான், வளையம் விரியவில்லை. குடிக்கிற வண்டிக்கு எண்ணெய் எப்படி ஏறும் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நீ அவருக்கு எழுதியதைக் கொடுத்தேன். படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நேற்று தானாகவே வந்து, "வர்ற ஞாயித்துக்கிழமை போலாம். பையன் கேட்டுட்டான்" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! நீ சொன்னபடி கடைசி சீட்டில்தான் உட்காரப்போகிறேன். போய்வந்து எழுதுகிறேன்.

அக்கா


மே 1

மாப்பிள்ளைக்கு,

நலம். நீ நலமா. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காவுக்குத் தெரியாமல் டயர் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலும் டயர் கடைக்கே போடு.

உன் சீல் நன்றாக இருக்கிறது. புகை போட்டது நான்.

நீ முகாமுக்குப் போய்க் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, பெண்களை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போகிறேன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் முழித்தபடிதான் இருந்திருக்கிறேன், ஆனால் நான் அங்கே இல்லை. பின்னால் ஒரு பெண் அலறிய பிறகுதான் பார்த்தேன், வண்டி எதிர்ப்பக்கத்தில் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. கீழே தண்ணீர். பதினெட்டு பேர் வண்டியில். ஸ்டியரிங் ஒடிந்துவிட்டது, ஏதோ கோளாறு என்று அவர்களிடம் சொன்னேன். அன்றே பக்கத்து ஊர் டாக்டரிடம் தனியாகப் போனேன். தலையில் ஏதோ மின்சாரம் தாறுமாறாக ஓடுகிறதாம். எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரும், இனி ஸ்டியரிங்கைத் தொடாதே என்றார். மாத்திரை கொடுத்தார். வந்துகொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் என்ன சொல்வது? இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அப்போது வண்டி புகைந்துகொண்டிருந்தது. வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அவளும் நம்பினாள். ஒரு வாரத்தில் நீ சொன்னபடியே புகை நின்றுவிட்டது. இனி வண்டியை எடுக்காததற்கு என்ன காரணம் சொல்வது? அதனால் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றி வாசலில் ஓடவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உன் கைமேல் பழி போட்டதுதான் எனக்கு ஆறவில்லை. நீ எழுதிய பழமொழி சரிதான். ஆடத் தெரியாதவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். உன் கடிதத்தைக் காட்டிக் கேட்கிறாள். இல்லை என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. நீயும் அவளிடம் சொல்லிவிடாதே.

மச்சான்


மே 13

மச்சானுக்கு,

உங்கள் கடிதமும் அக்காவின் கடிதமும் இன்று ஒரே பையில் வந்தன. அந்த ஞாயிறு முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. என்ன நடந்ததோ, அது நடந்து முடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

அளவுக்கு மேல் எண்ணெயோடு மேடு ஏறினால் இன்ஜின் அந்த எண்ணெயையே குடித்து வெறிபிடித்து ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதை நான் எங்கேயும் எழுதவில்லை, எண்ணெய் அதிகம் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அக்காவைக் கை பிரேக் எட்டாத கடைசி சீட்டில் உட்காரச் சொன்னதும் நான். என்மேல் பிரியம் இருந்தால் என்று வேறு எழுதினேனே மச்சான்.

நீங்கள் சுகமாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். நீங்களும் அக்காவும் இருக்கிறீர்கள் என்று ஒரே வரி போதும். வண்டியை இனித் தொடாதீர்கள். உங்களுக்கு ஸ்டியரிங் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லமாட்டேன், இது சத்தியம். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

என் ராசா, நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு! உன் கை கைதான். புகை நின்றுவிட்டது!

உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, சந்தோஷத்தில் நாள் போனதே தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே இவர் எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஏறுகிற வரைக்கும் இவர் முகத்தில் ஈ ஆடவில்லை, கையெல்லாம் வேர்வை. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதல் வளைவில் பார்க்கணுமே, பின்னால் ரோடே தெரியவில்லை. ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே வந்தான். அடுத்த வளைவில் பாதியாகக் குறைந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிகிற இடத்தில் கண்ணாடி வழியாகக் கீழே ஊர் மொத்தமும் பளிச்சென்று தெரிந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன்.

மேலே நிறுத்தி இறங்கினார். சைலன்சர் வாயில் கையைக் காட்டி, உள்ளங்கையை என்னிடம் நீட்டினார். சுத்தமாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார். அப்புறம் சிரித்தார் பார், இரண்டு மாதத்துச் சிரிப்பையும் சேர்த்து வைத்துச் சிரித்தார். இறங்கும்போது பாட்டு வேறு.

மறுநாளே சவாரியை ஆரம்பித்துவிட்டார். ஆலைப் பெண்கள் கை தட்டினார்களாம். இன்றோடு ஒரு வாரம் ஆகிறது, விடியற்காலையில் சத்தமில்லாமல், புகையில்லாமல் கிளம்பிப் போகிறார். மாடி வீட்டு அம்மாகூடச் சிரிக்கிறாள். நன்றாகத் தூங்குகிறார், சாப்பிடுகிறார். அடுத்த லீவில் வா, உனக்கு வாய் நிறையச் சமைத்துப் போடுகிறேன்.

அக்கா

மாப்பிள்ளை, அவள் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். மேடு ஏறிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு வளைவிலும் ஒரு தடவைகூட வரவில்லை. இன்ஜினும் தேறிவிட்டது, நானும் தேறிவிட்டேன். டாக்டருக்கு என்ன தெரியும், உட்கார்ந்து யோசித்து யோசித்துத்தான் எனக்கு அது வந்தது. நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. நீ தெய்வம் மாதிரி.


மே 20

அக்கா,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. மச்சான் பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி.

நீ பதினொன்றாம் தேதி எழுதிய கடிதம் இன்றுதான் வந்தது. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் லாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மீதியைப் படித்தேன்.

சத்தியம் செய்திருக்கிறேன், அதை இப்போது உடைக்கிறேன். மச்சானுக்கு உடம்பு சரியில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கொஞ்ச நேரம் நினைவு இல்லாமல் போகிறது. மார்ச் மாதம் பாலத்தில் அப்படி ஆகி, பெண்களோடு வண்டி கைப்பிடிச் சுவரை உரசியது. சாப்பிடும்போது கை பாதியில் நின்றது என்று எழுதினாயே, அது யோசனை இல்லை. டாக்டர் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்ல முடியாமல்தான் எண்ணெயை ஊற்றிப் புகையவிட்டார். புகை இருந்தவரை அந்தப் பெண்கள் பத்திரமாக இருந்தார்கள். நான்தான் விடாமல் துரத்தித் துரத்தி அதை நிறுத்தினேன்.

இன்ஜினைச் சோதித்தால் தெரிந்துவிடும் அக்கா. எண்ணெய் எரிந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி வராது. மனுஷன் அப்படி இல்லை. அன்றைக்கு மேட்டில் வரவில்லை என்பதற்கு அன்றைக்கு வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அவர் அதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு கம்பியில்லாக் கருவி இருக்கிறது. வெளியே செய்தி அனுப்பக் கேட்டேன். அதைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸ்காரர் நல்ல மனுஷர்தான். "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை என்றேன். "ஆனாத்தான் தம்பி அனுப்ப முடியும். ரூல் அப்படி" என்றார். லீவு கேட்டேன், அதற்கும் அதே கேள்விதான். போன வாரம் மச்சானுக்குப் போட்ட கடிதம் இன்னும் வழியில்தான் இருக்கும். கிடைத்தாலும் கிழித்துவிடுவார்.

நீ அவரிடம் நேராகப் பேசு. டாக்டரிடம் கூட்டிப் போ. ஆலைப் பெண்களிடம் ஏறாதீர்கள் என்று சொல். கேட்கவில்லை என்றால், காலியாகவாவது வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போவார், எனக்கு அவரைத் தெரியும். சாவியை ஒளித்தால் ஒயரை இணைத்துக் கிளப்புவார். டீசல் குழாயைத் தளர்த்தினால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார். அதனால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள். மத்தியானம் அவர் தூங்கும்போது, இன்ஜினுக்கு அடியில் நடுவில் பெரிய நட்டு ஒன்று இருக்கும். கருவிப் பெட்டியில் இருப்பதிலேயே பெரிய ஸ்பானர் அதற்குச் சேரும். கழற்றி எண்ணெய் மொத்தத்தையும் இறக்கிவிடு. கியர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஜினைக் கிளப்பி மிதி. முதலில் சத்தம் மாறும், அப்புறம் கத்தும், கேட்கச் சகிக்காது. அவர் ஓடிவருவார். காலை எடுக்காதே. தானாக இறுகி நிற்கிறவரைக்கும் மிதித்துக்கொண்டே இரு. அதற்குப் பிறகு அதை யாராலும் ஓட்ட முடியாது, என்னாலும் சரிசெய்ய முடியாது.

எல்லோரும் நலமா என்று கேட்டுத்தான் முடிக்க வேண்டும். இன்று கேட்க வரவில்லை. லாரி சனிக்கிழமைதான் கிளம்பும், இது உன் கைக்கு வர அதற்கும் மேல் சில நாள். அதுவரை தினமும் விடியற்காலையில் மச்சான் சாவியைத் திருப்புவார். ஒரே திருப்பில் கிளம்பும், துளிப் புகை வராது. அவ்வளவு சுத்தமாக வேலை செய்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன், அக்கா.

தம்பி